வண்டி ஓடாத பாதை

மனிதன் நிலத்தின்மேல் இட்ட கோடுகளுள் வழியே மூத்தது. ஒருவன் நடந்தான், அவன் அடிச்சுவட்டைப் பின்பற்றி மற்றொருவன் நடந்தான். பலர் நடக்க நடக்கப் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை உண்டாயிற்று. ஒற்றையடிப் பாதை காலப்போக்கில் வண்டிப் பாதையாகவும், வண்டிப் பாதை சாலையாகவும் வளர்ந்தது. இருப்புப் பாதையின் பிறப்போ வேறு வகையானது. அது நடந்து நடந்து உண்டானதன்று. நிலத்தை அளந்து, பள்ளத்தில் மண் கொட்டி, மேட்டைக் குடைந்து, ஓடைக்குப் பாலம் கட்டி, வண்டி ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. ஒற்றையடிப் பாதையில் ஆள் நடமாட்டம் நின்றுவிட்டால் புல் மூடிக்கொள்ளும். அதனால் வரும் இழப்பு பெரிதன்று. ஆயிரக்கணக்கானோர் உழைப்பும் நாட்டின் பொருளும் சேர்ந்து உருவான இருப்புப் பாதையில் வண்டி நின்றுவிட்டால், அப்பாதை என்ன ஆகும்? அஃது எவருக்கு உரியது? அதனைக் காப்பவர் யார்? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கண்ட முதியவர் ஒருவரின் ஒருநாள் நடையைப் பற்றி இங்குக் காண்போம்.

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அண்டை ஊர்கள். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம். நெசவாளர் வாழும் தெருக்களில் பொழுது புலருமுன்பே தறியின் ஒலி எழும். நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் மல்லிகை பயிராகின்றது. அந்நகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ நான்கு மணி நேர நடைத் தொலைவில், குண்டாற்றின் கரையில் திருச்சுழி அமைந்துள்ளது. சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரம் பெற்ற திருமேனிநாதர் திருக்கோயில் அங்கு உள்ளது. இரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பிறந்ததும் அவ்வூரிலேதான்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. பெரும்பகுதி கரிசல் மண். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து முதலியவை அம்மண்ணின் விளைபொருள்கள். பனையும் உடையும் வேம்பும் ஆங்காங்கே நிழல் தரும். பழந்தமிழ்ப் புலவர், வறண்ட நிலத்தைப் பாலை எனப் பெயரிட்டு, பொருள் தேடிப் பிரிந்து செல்வார் நடக்கும் வழியை அந்நிலத்தில் வைத்தே பாடினர். நிழலும் நீரும் அரிதாகிய நிலத்தில்தான் வழியின் அருமை மிகுதியும் விளங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இந்நாட்டில் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு இல்லை. ஆதலால் முன்னோர் ஊர்தோறும் கண்மாய் அமைத்தனர். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் மழைநீர் சிறு சிறு வரத்துக்கால்கள் வழியாக ஓடிவந்து கண்மாயை நிறைக்கும். ஒரு கண்மாய் நிறைந்ததும் மிகுநீர் கலுங்கின் வழியே வழிந்து அடுத்த ஊரின் கண்மாய்க்குச் செல்லும். வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் வயலும் இல்லை, கிணற்றில் ஊற்றும் இல்லை. இச்செய்தியை மாணவர் நினைவில் இருத்துக. பின்னர் இது வேண்டப்படும்.

இத்தகைய நாட்டிற்கு இருப்புப் பாதை மிகவும் காலந்தாழ்ந்தே வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பாதை 1876ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது விருதுநகரைத் தொட்டுச் சென்றது. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்திற்குச் செல்லும் பாதை 1902ஆம் ஆண்டில் அமைந்தது. இவ்விரு பாதைகளுக்கும் நடுவே அகப்பட்ட அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகிய ஊர்களின் மக்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாக வண்டியின் ஊதல் ஒலியைத் தம் ஊரில் கேளாமலே வாழ்ந்தனர். பின்னர் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வரை 1963ஆம் ஆண்டிலும், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை வரை 1964ஆம் ஆண்டிலும் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்து இராமேசுவரம் செல்வோர் மதுரைக்குச் சென்று சுற்றிவர வேண்டிய தேவை அதனால் நீங்கிற்று.

அப்பாதைக்குக் கூடையில் மண் சுமந்தவர்களுள் ஒருவர், திருச்சுழிக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த இளைஞர். அப்போது அவருக்கு வயது 18. பாதை முடிந்ததும் அவர் இருப்புப் பாதைத் தொழிலாளியாக வேலையில் அமர்ந்தார். ஆண்டுகள் பல சென்றபின், 'கீமேன்' என்று தொழிலாளர் வழங்கும் பணிக்கு உயர்ந்தார். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகளையும் ஆணிகளையும் நாள்தோறும் நடந்து பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்குவதே அப்பணி. போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தையும், திரும்பும்போது மறுபக்கத் தண்டவாளத்தையும் நோக்கி நடக்க வேண்டும். கையில் சுத்தியல், தோளில் கொடிகள். மழையாயினும் வெயிலாயினும் அந்நடை தவறுதல் ஆகாது.

கரிசல் நிலத்தில் அப்பணி எளிதன்று. கரிசல் மண் மழை பெய்தால் நீரை உண்டு வீங்கும். வெயில் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆகவே அதன்மேல் அமைந்த மேடு ஓரிடத்தில் தாழும், ஓரிடத்தில் உயரும். தண்டவாளம் அதற்கேற்ப நெளியும். தொழிலாளர் கட்டைகளின் கீழே சரளைக் கல்லை இட்டு இடித்து மீண்டும் மீண்டும் மட்டம் செய்வர். வண்டியில் அமர்ந்து செல்வார்க்குப் பாதை என்றும் ஒரே தன்மையாய் இருப்பதுபோல் தோன்றும். அவ்வாறு தோன்றச் செய்தற்கு எத்தனை கைகள் நாள்தோறும் உழைத்தன என்பது அவர்க்குப் புலப்படுவதில்லை.

மேற்கூறிய தொழிலாளி 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் பாதையும் ஓய்வு பெற்றது. மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். அகலம் வேறுபடும் இடங்களில் பயணிகள் வண்டி மாற வேண்டும். சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். இவ்விடர் நீங்க, நாடெங்கும் உள்ள பாதைகளை ஒரே அகலம் உடையனவாக மாற்றும் திட்டம் 1992ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. விருதுநகர், மானாமதுரைப் பாதையின் முறையும் வந்தது. வண்டிகள் நிறுத்தப்பட்டன. பழைய தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. புதிய பாதை முடியும் வரையில் சில ஆண்டுகள் அந்நீண்ட மேடு வண்டி இன்றிக் கிடந்தது.

அவ்வாண்டுகளுள் ஒன்றில், புரட்டாசித் திங்கள் முடியும் நாளில், அருப்புக்கோட்டையில் உள்ள மகள் வீட்டிற்கு வந்திருந்த முதியவர் தம் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டார். பேருந்து இருந்தும் அவர் பழைய பாதை வழியே நடந்து செல்ல விரும்பினார். ஏழாம் வகுப்பிற் படித்துவந்த பேத்தி, விடுமுறை நாளாதலால் தானும் வருவதாகக் கூறினாள்.

"வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள் அப்பா" என்று சொல்லி, மகள் தூக்குச் சட்டியில் புளிச்சோறு நிரப்பிக் கொடுத்தாள்.

இருவரும் விடியற்காலையில் நடக்கத் தொடங்கினர். மல்லிகைத் தோட்டங்களில் பெண்கள் குனிந்து அரும்பு பறித்துக் கொண்டிருந்தனர். நகரம் பின்னே சென்றது. எதிரே கிழக்கு வெளுத்தது. தண்டவாளங்களும் கட்டைகளும் எடுக்கப்பட்ட மேட்டில், கட்டைகள் கிடந்த தடம் மட்டும் சரளையில் பதிந்து, ஏணிப் படிகள் போல வரிசையாகக் காணப்பட்டது. சிறுமி அத்தடங்களின்மேல் கால் வைத்துத் தாவித் தாவி நடந்தாள். முதியவரும் அத்தடங்களின்மேலேயே நடந்தார். ஆனால் அவர் தாவவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கத்தால் அவருடைய அடி ஒவ்வொன்றும் ஒரு தடத்தின்மேல் தானாகவே படிந்தது. கண்ணும் நிலத்தை நோக்கியே சென்றது.

"தண்டவாளந்தான் இல்லையே தாத்தா, எதைப் பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள்?" என்று சிறுமி கேட்டாள்.

"பழகிய கண் தாயி, சொன்னாற் கேளாது" என்று கூறி அவர் நகைத்தார்.

வண்டி ஓடாவிடினும் அப்பாதை வெறிச்சோடிக் கிடக்கவில்லை. ஆட்டு மந்தை ஒன்று மேட்டின்மேல் எதிரே வந்தது. விறகு சுமந்த பெண்கள் இருவர் வந்தனர். மிதிவண்டியில் பால் கொண்டு சென்றவர் ஒருவர் முதியவரைக் கண்டு வணங்கிச் சென்றார். மழைக் காலத்தில் கரிசல் வழியில் கால் வைத்தால் சேறு அடியோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே உயர்ந்து உலர்ந்து கிடந்த மேடு, சுற்றுப்புறத்தார்க்கு நல்ல நடைபாதையாய் அமைந்துவிட்டது. மேட்டின் இரு மருங்கிலும் முன்னாளில் மண் வெட்டியெடுத்த பள்ளங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைச் சுட்டிக் காட்டி, "இந்தப் பள்ளத்து மண் என் தலையில் ஏறித்தான் மேலே வந்தது" என்றார் முதியவர். அப்பள்ளத்தின் கரையில் மயில் ஒன்று மேய்ந்து கொண்டிருந்தது. சீமைக் கருவேல மரங்கள் சில இடங்களில் மேட்டின் சரிவிலே வேரூன்றி, மேலே ஏறவும் தொடங்கியிருந்தன.

வெயில் சற்று ஏறியதும் இருவரும் பனை நிழலில் அமர்ந்து உணவு உண்டனர். உண்ணும்போது சிறுமி, "மறுபடியும் இங்கே வண்டி வருமா தாத்தா?" என்று கேட்டாள். சிறுவர் கேட்கும் எளிய வினாக்களே பெரியோர்க்கு விடை கூறுதற்கு அரியனவாய் அமைவதுண்டு. முதியவர் உடனே மறுமொழி கூறவில்லை. அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. மீண்டும் வண்டி வாராமலே போன பாதை ஒன்றை அவர் இளமையில் தம் கண்ணாற் கண்டிருந்தார். அதனையே பேத்திக்கு எடுத்துரைத்தார்.

மானாமதுரையில் இப்பாதை சென்று சேரும் பெரும்பாதை, கடலின்மேல் அமைந்த பழைய பாம்பன் பாலத்தைக் கடந்து சென்றது. அப்பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது. பாம்பனிலிருந்து ஒரு கிளை இராமேசுவரத்திற்கும், மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றன. தனுஷ்கோடி அந்நாளில் நிலையமும், அஞ்சலகமும், சுங்க அலுவலகமும் உடைய துறைமுக ஊர். சென்னையில் வண்டி ஏறியவர்கள் அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் சென்று, இலங்கையில் மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பு சேர்வர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய கடும்புயலில் கடல் பொங்கி அவ்வூரை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிக் கொண்டிருந்த பயணிகள் வண்டியும் அலைகளில் அகப்பட்டது. அதில் இருந்த 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் பாலத்தின் உத்திரங்களும் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன.

பாலத்தைச் செப்பனிடும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்புவிக்கப்பட்டது. கடலில் வீழ்ந்த உத்திரங்களைத் தேடியெடுத்து, மீண்டும் தூக்கி நிறுத்தி, 46 நாட்களில் பாலத்தை வண்டி ஓடும் நிலைக்கு அவர் கொணர்ந்தார். அப்பணிக்குச் சென்ற தொழிலாளருள் நம் முதியவரும் ஒருவர். அப்போது அவர் வேலையில் சேர்ந்து ஓராண்டும் நிறையவில்லை. பாலம் எழுந்ததையும், இராமேசுவரத்திற்கு வண்டி மீண்டும் சென்றதையும் அவர் கண்டார். தனுஷ்கோடிப் பாதையின் தண்டவாளங்கள் முறுக்குண்டு மணலிற் புதைந்து கிடந்ததையும் கண்டார். அப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை.

"அதே ஆண்டில் நம் ஊருக்குப் பாதை வந்தது, அந்த ஊருக்குப் பாதை போயிற்று" என்று முதியவர் கூறி முடித்தார். சிறுமி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் எழுந்து நடந்தனர்.

சிறிது தொலைவு சென்றதும், ஓடையைக் கடக்கும் சிறுபாலம் ஒன்று எதிர்ப்பட்டது. கருங்கல்லால் கட்டிய அச்சிறுபாலத்தின் கீழே ஓர் ஊரின் வரத்துக்கால் சென்றது. அதனருகே இழுவை வண்டி ஒன்றை நிறுத்தி, நடுத்தர வயதுடைய உழவர் ஒருவர் மேட்டின் சரிவிலிருந்து மண் வெட்டி ஏற்றிக் கொண்டிருந்தார். வெட்டும்போது சரிந்த மண்ணும் கல்லும் சிறுபாலத்தின் வாயிற் குவிந்திருந்தன. முன்னரே அங்கு வளர்ந்திருந்த கருவேல முட்புதரோடு அவையும் சேர்ந்து, வாய் முக்காற் பங்கு அடைபட்டிருந்தது.

முதியவர் நின்றார்.

"தம்பி, மண் எதற்கு?"

"வீட்டு முற்றத்தை உயர்த்த வேண்டும் ஐயா. மழை வந்தால் தண்ணீர் வாசலில் நிற்கின்றது."

"இது பாதையின் மண் ஆயிற்றே."

உழவர் சினங்கொள்ளவில்லை, சற்று வியப்போடு சிரித்தார். "எங்கே ஐயா பாதை? தண்டவாளத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி இங்கே வண்டி வரப்போகின்றதா? வராத வண்டிக்கு மேடு எதற்கு?"

பேத்தி தாத்தாவின் முகத்தை நோக்கினாள். சற்று முன் அவள் கேட்ட வினாவையே அவரும் கேட்டுவிட்டார். முதியவர் இம்முறை தயங்கவில்லை.

"வண்டி வருமா வராதா என்பது எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் ஐப்பசியில் மழை வரும் என்பது தெரியும். இந்தப் பாலத்தின் வாய் அடைத்துக் கிடந்தால் அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?"

உழவர் ஓடையின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பார்த்தார். கீழ்ப்புறம் சென்ற வரத்துக்கால் எந்தக் கண்மாயில் சேர்கின்றது என்பது அவருக்குத் தெரியாததன்று. அவருடைய வயலே அக்கண்மாயின் கீழ்தான் இருந்தது.

முதியவர் தொடர்ந்து கூறினார்: "இந்த மேடு போட்டபோது, ஓடை கண்ட இடமெல்லாம் பாலம் வைத்தார்கள். வண்டி போவதற்கு மேடு. தண்ணீர் போவதற்குப் பாலம். மேட்டை வைத்துப் பாலத்தை அடைத்தால் அது பாதை அன்று. ஊருக்கு நடுவே போட்ட அணை. மழைக் காலம் தொடங்குமுன் பாலத்து வாய்களை எல்லாம் துப்புரவு செய்வது எங்கள் வேலை. வண்டி நின்றதும் அந்த வேலையும் நின்றுவிட்டது. வண்டி நின்றாலும் தண்ணீர் நிற்குமா?"

உழவர் மறுமொழி கூறாமல் இழுவை வண்டியில் இருந்த கடப்பாரையை எடுத்து ஓடையில் இறங்கினார். முதியவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். உழவர் முட்புதரை அரிவாளால் தறித்து அப்புறம் தள்ளினார். குவிந்த மண்ணை முதியவர் வெட்டிக் கொடுக்க, சிறுமி கூடையில் சுமந்து சென்று வெட்டுண்ட சரிவிலே கொட்டினாள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாத்தா செய்த வேலையைப் பேத்தி அன்று செய்தாள். இரண்டு மணி நேரத்தில் பாலத்தின் வாய் திறந்தது. மறுபுறத்து வெளிச்சம் தெரிந்ததும் சிறுமி குனிந்து அதனூடே நோக்கி, "கண்மாய்க் கரை தெரிகின்றது தாத்தா!" என்று கூவினாள்.

உழவர் இழுவை வண்டியில் ஏற்றிய மண்ணையும் இறக்கிவிட்டாரா என்று வினவலாம். பாதி மண்ணை இறக்கினார். மீதியை, "முற்றத்துக்கு இது போதும் ஐயா" என்று கூறி எடுத்துச் சென்றார். முதியவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளில் ஒரு மனிதரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது நெடுங்காலம் பலரோடு சேர்ந்து உழைத்தவர்க்கே தெரியும். நண்பகல் கடந்தபின் தாத்தாவும் பேத்தியும் திருச்சுழியை அடைந்து, திருக்கோயில் வாயிலில் சற்று இளைப்பாறி, தம் ஊருக்குச் சென்றனர்.

அவ்வாண்டு ஐப்பசியில் மழை பெய்தது. ஓடையில் வந்த செந்நிற வெள்ளம் சிறுபாலத்தின் வழியே தடையின்றிச் சென்று கண்மாயை அடைந்தது. அவ்வூரார் பலர்க்கு அந்நீர் வந்த வழியின் வரலாறு தெரியாது. தெரிய வேண்டும் என்று முதியவரும் விரும்பவில்லை. ஆனால் அடுத்த புரட்டாசியில், எவரும் அழையாமலே, அந்த உழவர் தம் அண்டை வீட்டார் இருவருடன் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு அப்பாலத்திற்குச் சென்றார் என்று முதியவர் கேள்வியுற்று மகிழ்ந்தார்.

வண்டி நின்ற பாதைகளைப் பற்றிய வினா நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அருப்புக்கோட்டைக்கு வண்டி வந்த அதே 1963ஆம் ஆண்டில், பிரிட்டனில் ரிச்சர்டு பீச்சிங் என்பார் அந்நாட்டு இருப்புப் பாதைகளை ஆராய்ந்து அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளையும் மூடிவிடலாம் என்பது அவர் கருத்து. அவற்றுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. அவற்றுள் சில பாதைகள் பின்னாளில் நடப்போர்க்கும் மிதிவண்டி செலுத்துவோர்க்கும் உரிய வழிகளாக ஆக்கப்பட்டன. ஸ்பெயின் நாட்டில் 1993ஆம் ஆண்டு முதல், கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளைப் பசுமை வழிகள் எனப் பெயரிட்டுச் செப்பனிட்டு வருகின்றனர். இன்று அவற்றின் மொத்த நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. கவனிப்பார் இருந்த இடத்தில் பழைய பாதை புதிய பயன் பெற்றது. கவனிப்பார் இல்லாத இடத்தில் மண்ணும் முள்ளும் ஆயிற்று.

விருதுநகர், மானாமதுரைப் பாதையில் 2013ஆம் ஆண்டு அகலப் பாதை வண்டிகள் ஓடத் தொடங்கின. சென்னையிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சிலம்பு விரைவு வண்டி இன்று மானாமதுரை, அருப்புக்கோட்டை வழியாகவே செல்கின்றது. புதிய பாதைக்காக மேடு அகலமாக்கப்பட்டது. கருங்கல்லால் ஆன அப்பழைய சிறுபாலம் இப்போது இல்லை. அவ்விடத்தில் அதனினும் அகன்ற கற்காரைப் பாலம் நிற்கின்றது. முதியவரும் பேத்தியும் கூடையில் சுமந்த மண்ணின்மேல் புதிய மண் கொட்டப்பட்டுவிட்டது. வண்டியில் முதன்முறை சென்றபோது பேத்தி அவ்விடத்தைத் தேடிச் சாளரத்தின் வழியே நோக்கினாள். வண்டியின் விரைவில் பாலம் கணப்பொழுதிற் கடந்துவிட்டது. ஆயினும் கண்மாயில் நீர் கிடந்ததை அவள் கண்டாள்.

தாம் காத்த மேடு வண்டிக்கு மீண்டும் பயன்படும் என்று அறிந்து அம்முதியவர் அதனைக் காக்கவில்லை. தனுஷ்கோடிப் பாதையைக் கண்டவராதலால், போன வண்டி திரும்பாமலும் போகலாம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்தும் அவர் மண்வெட்டியை எடுத்ததற்குக் காரணம், பாதை என்பது வண்டிக்கு மட்டும் உரியதன்று, அதனைச் சூழ வாழும் ஊர்களுக்கும் உரியது என்னும் தெளிவேயாகும். பலர்க்கும் பொதுவான பொருள் பயனின்றிக் கிடக்கும் காலத்திலேதான், எவருக்கும் உரியதன்று என்று கருதி ஆளுக்கொரு கூடை அள்ளிச் செல்லும் எண்ணம் எழுகின்றது. பள்ளிக் கட்டடமும், ஊருணியும், சாலை மரமும் இதற்கு விலக்கல்ல. வண்டி ஓடும் பாதையைக் காத்தற்கு ஊதியம் பெறுவோர் பலர் உளர். வண்டி ஓடாத பாதையைக் காத்தற்கு அதனால் வாழும் ஊராரையன்றி வேறு எவர் உளர்?